கழுவித் தீராத பயம்



வழக்கமாக இந்த நேரத்தில் வரிக் கணக்கு, ஓய்வூதியம், வீட்டுக் கடன் என்று பேசுகிறவன் நான். இன்றைக்கு விடயம் கொஞ்சம் வேறு. ஆனால் இதுவும் ஒரு பில்லில் இருந்துதான் தொடங்குகிறது.

சில மாதங்களுக்கு முன் நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு அம்மா கலையகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். தண்ணீர் பில் தாங்க முடியாத அளவுக்கு வந்திருக்கிறதாம். மூன்று பேர் இருக்கிற வீடு. மீற்றர் பூட்டியிருக்கிறார்கள். எங்கேயோ குழாய் ஒழுகுகிறது என்று நினைத்து பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், ஒழுக்கு எதுவும் இல்லை. "தம்பி, கொம்பனிக்கு என்னெண்டு கடிதம் எழுதுறது?" என்று கேட்டார். நான் கணக்காளன், வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். வாஷிங் மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஓடுகிறது? ஐந்து தரம். குளியலறையில் யார் அதிக நேரம் நிற்பது? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மகன் காலமையில ஒண்டரை மணித்தியாலம் நிப்பான். வேலையால வந்தாப் பிறகும் அப்பிடித்தான். அவன் சின்னனில இருந்தே நல்ல சுத்தக்காரன், தம்பி" என்றார்.

அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஆளைக் காட்டிக் கொடுக்கக்கூடிய எதையும் சொல்லவில்லை. அந்தப் பில்லைப் பற்றிக் கேட்டதும் எனக்கு விளங்கியதற்குக் காரணம், அதே மாதிரிப் பில் எங்கள் வீட்டுக்கும் பல வருடங்கள் வந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சுத்தக்காரன் நான்தான்.

இதை வானொலியில் சொல்வது இதுதான் முதல் தடவை. மனைவியும் பிள்ளைகளும் சம்மதித்த பிறகே சொல்கிறேன். என்னிடம் கணக்குக் கொண்டுவருகிற ஓரிருவர் இனி வேறு ஆளைத் தேடக்கூடும். தேடட்டும்.

ஓ.சி.டி. என்று ஆங்கில எழுத்துக்களில் சொல்கிற நோய் இது. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது தருகிற பயத்தைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். சிலர் கதவைப் பூட்டினோமா, அடுப்பை நிறுத்தினோமா என்று இருபது தரம் போய்ப் பார்ப்பார்கள். சிலர் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு வாய்த்தது கிருமி. நூறு பேரில் ஒருவருக்காவது வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. ஒரு கலியாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் இருந்தால் அதில் ஐந்து பேர் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது உள்ளுக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஏனென்றால் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு பகிடி மாதிரி.

எங்கள் கடைக்காரர்கள் முன்பெல்லாம் வருடக் கணக்கைக் கொண்டுவருவது ஷொப்பிங் பையில். மீன்கடைப் பற்றுச்சீட்டு மீன் மணக்கும், பெற்றோல் நிலையத்துச் சீட்டில் எண்ணெய் இருக்கும். ஒவ்வொரு பையையும் தொட்ட பிறகு நான் கை கழுவ வேண்டும். வரிக் கணக்குக்குக் கடைசி நாள் ஜனவரி 31. நம்முடைய சனம் அந்தக் கடைசிக் கிழமையில்தான் வரும் என்பது உங்களுக்கும் தெரியும். அந்தக் கிழமையில் என் விரல் மடிப்புகள் வெடித்து இரத்தம் கசியும். குளிருக்குக் கை வெடித்திருக்கிறது என்று சொல்வேன். ஒரு வைத்தியர் அதைப் பார்த்துவிட்டுப் பூசுவதற்குக் கிறீம் எழுதித் தந்தார். வெடித்த தோலுக்குள்தான் கிருமி இலகுவாகப் போகும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

வீட்டில் சட்டதிட்டங்கள் இருந்தன. சப்பாத்து வெளியே. வெளிக் கோட்டுக்குத் தனிக் கொளுக்கி. பைப்பைத் திறக்கிற கை அழுக்குக் கை, ஆகவே பைப்பையும் கழுவ வேண்டும். பைப்பைக் கழுவிய கை திரும்பவும் அழுக்கு. இடையில் கை சிங்கின் விளிம்பில் பட்டுவிட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். துவாய் மற்றவர்கள் தொடாத துவாயாக இருக்க வேண்டும். இப்படிக் கை கழுவி முடிக்க நாற்பது நிமிடம் எடுத்த நாட்கள் உண்டு. அப்போது குசினியில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

எனக்கு வருத்தம் வந்து நான் செத்துப்போவேன் என்பது அல்ல என் பயம். பஸ்ஸில் இருமிய ஒருவர் பிடித்த கம்பியை நான் பிடித்தேன், அந்தக் கையால் கோட்டைத் தொட்டேன், கோட் கதிரையில் பட்டது, கதிரையில் மகள் ஏறி இருக்கிறாள். மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கு ஏதாவது வந்தால் அதைக் கொண்டுவந்தவன் நான். ஒரு பவுண் எந்தக் கணக்கில் இருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று தடம் பிடிப்பதுதான் என் தொழில். கிருமிக்கும் நான் இரட்டைப் பதிவு வைத்துக்கொண்டிருந்தேன். இந்த நோய் உள்ள பலருக்குப் பயம் இப்படித்தான், தன்னால் இன்னொருவருக்குத் தீங்கு வந்துவிடும் என்று. ஆகவே "உங்களுக்கு உங்களைப் பற்றித்தான் யோசனை" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். அதைப் போலச் சுடுகிற சொல் வேறில்லை.

இது அளவுக்கு மிஞ்சிய பயம் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. பெரும்பாலானோருக்கு அது தெரியும். அதனால்தான் வெட்கப்படுகிறார்கள், அதனால்தான் ஒளிக்கிறார்கள். வருடக் கணக்கில் ஒருவருக்கும் சொல்லாமல் இருப்பது இந்த நோயில் சாதாரணம்.

நமது சமூகத்தில் ஒளிப்பதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. சுத்தம் என்றால் நாங்கள் புகழ்வோம். ஊரில் வெளியே போய் வந்தால் கிணற்றடியில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவோம். செத்த வீட்டுக்குப் போனால் முழுகிவிட்டுத்தான் மற்ற வேலை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை துடக்கு. இந்தப் பழக்கங்களில் வளர்ந்த ஒருவன் ஒரு நாளைக்கு அறுபது தரம் கை கழுவினால், வீட்டில் அதை ஆசாரம் என்று நினைப்பார்கள். என் மாமியார், பாவம், "மருமகன் சரியான துப்பரவு" என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஆசாரத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது. முழுகினால் முடிந்தது. முப்பத்தொன்று வந்தால் துடக்குக் கழிந்தது. ஐயர் வந்து தண்ணீர் தெளித்தால் வீடு சுத்தம், அதற்குப் பிறகு ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. நோய்க்கு முடிவே இல்லை. கழுவிய கை கழுவியதாகத் தெரியாது. வீட்டில் யாரையாவது பற்றி உங்களுக்குச் சந்தேகம் வந்தால், எத்தனை தரம் கழுவுகிறார் என்று எண்ணாதீர்கள். முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். வேலைக்கும் சாப்பாட்டுக்கும் பிந்துகிறதா, நிறுத்தச் சொன்னால் பதறுகிறாரா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொட்டால் தீட்டு என்ற எண்ணத்தை வைத்து நாங்கள் மனிதருக்குச் செய்ததும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு பகுதி மக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் கொடுத்த காலத்தைக் கண்டவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அது நோயில்லை, அது அநியாயம். இரண்டையும் ஒன்றாகக் கட்ட நான் விரும்பவில்லை. ஆனாலும் சுத்தம் என்ற சொல் எங்கள் வாயில் எப்போதும் குற்றமில்லாத சொல்லாக இருந்ததில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதைப் புகழ்வதைக் கொஞ்சம் குறைக்கலாம்.

"போர்தான் காரணமோ?" என்று என்னைக் கேட்ட ஒரு நண்பர் இருக்கிறார். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் நடந்தேன். ஒரு வீட்டு வளவில் பத்துக் குடும்பம், ஒரு கிணறு, ஒரு மலசலகூடம். அங்கே அம்மா விறகு தேடித் தண்ணீர் கொதிக்க வைத்துத்தான் தந்தார். அது நோய் அல்ல, அது புத்தி. ஆபத்து உண்மையாக இருந்தது. போர் இந்த நோயைத் தந்தது என்று சொல்ல நான் தயாரில்லை, ஏனென்றால் போரைக் கண்ணால் காணாத நாடுகளிலும் இது இருக்கிறது. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. ஆனால் பயந்து வாழ்ந்து பழகிய ஒரு சமூகத்தில் "கவனம், கவனம்" என்று சொல்கிற குரல் எது, நோயின் குரல் எது என்று பிரித்தறிவது கடினம். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

சரி, கழுவினால் ஏன் பயம் தீருவதில்லை?

இதை நான் விளங்கிக்கொண்டது கடன் கணக்கு மாதிரி. பயம் வருகிறது. கழுவுகிறேன். உடனே ஒரு ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதல் என் சொந்தக் காசு அல்ல, வட்டிக்கு வாங்கியது. "கழுவியபடியால்தான் தப்பினாய்" என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த தரம் பயம் கொஞ்சம் கூடுதலாக வரும், கொஞ்சம் கூடுதலாகக் கழுவ வேண்டும். வட்டி கட்டக் கடன் வாங்கியவர்களை எங்களுக்குத் தெரியும். முதல் ஒரு நாளும் குறையாது.

இதில் வீட்டாரின் பங்கைத்தான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். கழுவி முடிந்ததும் நான் மனைவியிடம் கேட்பேன், "கை துப்பரவாத்தானே இருக்கு?" அவர் சொல்வார், "வடிவாக் கழுவிட்டீங்கள், வாங்கோ சாப்பிட." பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பேன். அவர் திரும்பச் சொல்வார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் வாசலிலேயே உடுப்பு மாற்றுவார்கள். வீட்டுக்கு ஆட்கள் வருவதைக் குறைத்துக்கொண்டோம். மாதத்தில் எத்தனை போத்தல் சவர்க்காரத் தண்ணீர் வாங்கினார் என்று அவரிடம் கேட்டால் இப்போது சிரிப்பார். இவ்வளவும் என்மேல் உள்ள அன்பினால் செய்தது. சண்டை வராமல் இருக்க, நான் பதறாமல் இருக்க, பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிட. ஆனால் அந்த ஒவ்வொரு "துப்பரவாத்தான் இருக்கு" என்ற பதிலும் எனக்கு இன்னொரு கடன்.

2010இல் எனக்குச் சிகிச்சை தொடங்கியபோது மூன்றாவது தடவை மனைவியையும் கூட்டிவரச் சொன்னார்கள். ஒரு நாளில் கணவருக்காக என்னென்ன செய்கிறீர்கள் என்று அந்த ஆங்கிலேயப் பெண் கேட்டார். மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பட்டியல் ஒரு பக்கம் முழுக்க வந்தது. அவர் அதைத் திருப்பிக் காட்டியபோது மனைவி அழுதுவிட்டார். "நான் உதவி செய்யுறன் எண்டெல்லோ நினைச்சன்." இந்த நோய் உள்ள வீடுகளில் அநேகமாக எல்லாருமே இப்படித்தான் செய்கிறார்கள், இது உங்கள் குற்றமே அல்ல என்று அவர் சொன்னார். பிறகு மூன்று பேரும் இருந்து ஒரு உடன்பாடு எழுதினோம். நான் "துப்பரவா?" என்று கேட்டால் மனைவி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். "உங்களுக்குப் பயமா இருக்கெண்டு தெரியுது. இதுக்குப் பதில் சொல்லுறேல்லை எண்டு பேசினாங்கள்தானே. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்பார். முதல் கிழமை எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இங்கே சொல்ல முடியாது. ஆனால் அவர் குரலை உயர்த்தவில்லை. நாலாம் கிழமையில் நான் கேட்பது பாதியாகக் குறைந்துவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு இன்றைக்கு இரவே போய்ப் பைப்பைப் பூட்டிவிடாதீர்கள். ஏசுவதும், பகிடி பண்ணுவதும், சவர்க்காரத்தை ஒளிப்பதும் மருந்தல்ல. நோயாளி சம்மதித்து, எதை முதலில் விடுவது என்று அவரே தெரிந்தெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நான் சொன்ன அம்மாவின் மகன் இன்னும் சிகிச்சைக்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் அம்மா மகனுடன் இருந்து பேசி, ஒரே ஒரு விடயத்தை மாற்றியிருக்கிறார். அவன் ஒரு தரம் போட்டுக் கழற்றிய உடுப்பை இரண்டாம் முறை தோய்க்கிற வேலையை இனி அவர் செய்வதில்லை.

சிகிச்சை என்ன? பயப்படுகிற பொருளைத் தொடுவது, தொட்ட பிறகு கழுவாமல் இருப்பது. இவ்வளவுதான். கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். இதன் தொடக்கமும் இதே லண்டனில்தான். 1966இல் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் வேலை செய்த விக்ரர் மேயர் என்ற உளவியலாளர், வேறு எதற்கும் குணமாகாத இரண்டு நோயாளிகளுக்கு இந்த வழியில் சிகிச்சை செய்து எழுதினார். நர்சுமார் கூடவே நின்று சடங்குகளைச் செய்யாமல் தடுத்தார்கள். அதற்கு முன் இது அநேகமாக மாற்ற முடியாத நோய் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

எனக்கு ஒரு ஏணி போட்டார்கள். அடிப்படியில் எங்கள் வீட்டுக் கடிதப் பெட்டி. அதற்கு மேல் கந்தோர்க் கதவுப் பிடி, பஸ் கம்பி, கடைக்காரரின் பற்றுச்சீட்டுப் பை. உச்சியில் ரெயில் நிலையத்து ரொய்லெற் கதவைத் தொட்ட கையால் ஒரு பிஸ்கற் சாப்பிடுவது. கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். பயம் பத்துக்கு எத்தனை என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும். எட்டு, ஒன்பது, ஒன்பது, எட்டு, ஆறு. ஒரு மணித்தியாலத்தில் மூன்று. நான் ஒன்றும் செய்யாமலே அது இறங்கியது. இலக்கத்தை நம்புகிறவன் நான், என் கையாலேயே எழுதிய இலக்கத்தை எப்படி நம்பாமல் விடுவது? பதினாலு தடவை போனேன். வீட்டுப் பாடம் ஒவ்வொரு நாளும்.

மருந்தும் எடுத்தேன். சேர்ற்றலின் என்ற குளிசை. இது நித்திரைக் குளிசை அல்ல. இந்த நோய்க்கு வேலை செய்வதற்குப் பன்னிரண்டு கிழமைகள் வரையும் செல்லலாம், சில வேளை அளவும் கூட்ட வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு கிழமையில் சுகமில்லை என்று குப்பையில் போடாதீர்கள். சுகம் வந்தாலும் வைத்தியரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

2020இல் கொரோனா வந்தது. இருபது செக்கன் கை கழுவு என்று அரசாங்கமே சொன்னது. அயலவர்கள் பால் போத்தலைத் துடைத்தார்கள், ஷொப்பிங் பையை வாசலில் வைத்தார்கள். தெரு முழுக்க என்னைப் போல ஆகிவிட்டதே என்று மனைவி சொன்னார். இந்த நோய் உள்ள பலர் அந்தக் காலத்தில் மோசமானார்கள். என்னைக் காப்பாற்றியது அந்த இருபது என்ற இலக்கம். அரசாங்கம் சொன்னது இருபது செக்கன், இருபத்தொன்றாவது செக்கன் நோய்க்குச் சொந்தம் என்று பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் 2022இல் விட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் ஒரு வருடம் கூடுதலாகப் பிடித்தது.

முற்றாகச் சுகமா என்று கேட்டால், இல்லை. ஐந்தொகையில் அது இன்னும் ஒரு சிறிய பொறுப்பாக நிற்கிறது. களைத்த நாட்களில் கூடும். ஆனால் கோயிலில் எல்லாருக்கும் கொடுக்கிற அதே கரண்டித் தீர்த்தத்தைக் கையேந்தி வாங்கிக் குடிக்கிறேன். கலியாண வீட்டில் பந்தியில் இருந்து கையால் சாப்பிடுகிறேன். போன வருடம் ஒரு செத்த வீட்டுக்குப் போய்வந்து, ஒரே ஒரு தரம் முழுகினேன். அதுவே போதுமாக இருந்தது.

இனி வழி. இங்கிலாந்தில் இருப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் போகலாம், அல்லது என்.எச்.எஸ். ரோக்கிங் தெரப்பீஸ் என்ற சேவைக்கு வைத்தியரின் கடிதம் இல்லாமலே நேரடியாகப் பதியலாம். காத்திருக்க வேண்டி வரும், பதிந்துவிட்டுக் காத்திருங்கள். காசு இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதியும்போதே சொல்லுங்கள், அதற்கும் காசு இல்லை. தயவுசெய்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வைத்தியரிடம் "கை வெடிக்குது" என்று மட்டும் சொன்னால் கிறீம்தான் கிடைக்கும். "கிருமிப் பயத்தில் ஒரு நாளைக்கு இத்தனை மணித்தியாலம் கழுவுகிறேன், நிறுத்த முடியவில்லை" என்று மணிக்கணக்கோடு சொல்லுங்கள். வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். வைத்தியக் குறிப்பு இரகசியம். அதைப் பார்த்து ஒருவரும் உங்கள் மகளின் கலியாணத்தைக் குழப்ப முடியாது. உயிரை விடுகிற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். இணையத்தின் வழியாக வேறு நாடுகளில் இருந்து கேட்பவர்கள் முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள்.

கலையகத்துக்கு எழுதுகிறவர்கள் உறையின் மேல் என் பெயரை மட்டும் போடுங்கள், நான் மட்டும்தான் பிரிப்பேன். வெறும் கையால்தான் பிரிப்பேன். அடுத்த மாதம் வழக்கம்போல் கணக்கு வழக்கோடு சந்திப்போம். பற்றுச்சீட்டுகளை இப்போதே அடுக்கத் தொடங்குங்கள்.